பை ஒன்று, கட்டைப்பை ஒன்று

மதுரையிலிருந்து பெங்களூருக்குப் போகும் சிறிய விமானத்தில், முன் இருக்கைக்கு அடியில் இருக்கும் இடத்தின் உயரம் ஒரு சாணும் இரண்டு விரலும். அகலம் இரண்டு சாண். என் சாண் இருபத்தொரு சென்டிமீட்டர். மூன்று ஆண்டுகளுக்கு முன், பெங்களூரிலிருந்து திரும்பி வரும்போது குனிந்து கையால் அளந்து டைரியில் குறித்துக்கொண்டேன். பணிப்பெண் அருகில் வந்து, "என்ன சார், எதுவும் விழுந்திருச்சா?" என்று கேட்டார். "இல்லம்மா, அளக்குறேன்" என்றேன்.

அப்படி அளந்ததற்குக் காரணம், போகும்போது நடந்த ஒன்று. நாங்கள் உடன்பிறந்தவர்கள் நான்கு பேர். பெங்களூரில் இருக்கும் அக்கா, அடுத்து நான், பிறகு தங்கை, கடைசியாக மஸ்கட்டில் வேலை பார்க்கும் தம்பி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு நாங்கள் நால்வரும் சேர்ந்து நின்ற படம் ஒன்றுகூடக் கிடையாது. அக்கா புதுவீடு குடிபோன அன்றைக்கு எல்லோரும் வந்திருந்தோம். படம் எடுப்பது எங்கள் வீட்டில் எப்போதுமே என் பொறுப்பு. ஆனால் மதுரையிலேயே, விமான ஏணிக்குக் கீழே என் பெரிய கேமரா பையை வாங்கி, மேல்தட்டில் ஏறாது என்று அட்டை கட்டி, சாமான் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். பெங்களூரில் போய்த் திறந்தால் லென்ஸின் வளையம் திரும்ப மறுத்தது. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. கட்டட வரைபடம் வரைந்து பிழைக்கிற நான், பையை அளக்காமல் போயிருக்கிறேன்.

அன்று தம்பி தன் போனில் எடுத்தான். எடுத்தவன் அவன் என்பதால் படத்தில் மூன்று பேர்தான். சில மாதங்களில் அந்தப் போனும் வாளித் தண்ணீரில் விழுந்தது. படத்தோடு மூன்று பேரும் போனோம்.

அக்கா, அப்பா அம்மா படத்துக்குப் பக்கத்தில் நாலு பேர் படத்துக்கென்று முன்கூட்டியே ஆணி அடித்து வைத்திருந்தாள். அதற்குப் பிறகு என்னோடு பேசும்போதெல்லாம், மழை, உடம்பு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் விசாரித்து முடித்து, கடைசியில் அங்கேதான் வந்து நிற்பாள்.

"ஆணி அப்படியே இருக்குடா தம்பி."

"தெரியுதுக்கா."

"அதுல காலண்டரக்கூட நான் மாட்டல."

இந்த ஆண்டு தம்பி விடுப்பில் வந்தான். மஸ்கட்டுக்குத் திரும்பும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அக்கா வீட்டில் இருப்பதாகச் சொன்னான். அடுத்த விடுப்பு இரண்டு ஆண்டு கழித்துத்தான். எனக்கு அலுவலகத்தில் ஒரு பெரிய வரைபடம் முடிக்கும் நேரம். கிடைத்த விடுப்பு சனிக்கிழமை மட்டும். இரவு ரயில்களில் இடம் கிடைக்கவில்லை. விமானத்தில் மலிவான சீட்டு எடுத்தேன். அதில் ஒருவருக்கு ஒரே ஒரு கைப்பை, ஏழு கிலோ வரை. சாமான் அறையில் போடுவதென்றால் தனிக் கட்டணம்.

ஆகவே ஒரு பை தேட வேண்டியிருந்தது. கேமரா, பழுது பார்த்த அந்த ஒரே லென்ஸ், சார்ஜர், உபரி பேட்டரி இரண்டு, ஒரு வேட்டி, இரண்டு சட்டை, துண்டு. இவ்வளவும் கொள்ள வேண்டும். கொண்ட பிறகும் தடிமன் இருபத்தைந்து சென்டிமீட்டரையும் நீளம் நாற்பத்திரண்டையும் தாண்டக் கூடாது. கேமராவை நிறுத்தும் முக்காலியைப் பட்டியலிலிருந்து முதல் நாளே அடித்துவிட்டேன்.

முதல் பையை இணையத்தில் வாங்கினேன். தடிமன் இருபது என்று போட்டிருந்தது, அளந்தேன், இருபதுதான். ஆனால் சாமானை வைத்து ஜிப்பை இழுத்ததும் முன்பக்கப் பாக்கெட் பிதுங்கி இருபத்தேழு ஆகிவிட்டது. பை விற்பவர்கள் எல்லோரும் வெறும் பையைத்தான் அளக்கிறார்கள் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். திருப்பி அனுப்பினேன். இரண்டாவதை டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் பார்த்தேன். பெட்டி போல விறைப்பானது, நிரப்பினாலும் பிதுங்காது. ஆனால் வேட்டி வைக்க இடமில்லை. கடைக்காரர், "வேட்டியக் கட்டிக்கிட்டே போயிருங்க சார்" என்று வழி சொன்னார்.

மூன்றாவது, முதுகில் மாட்டுவது. கீழ்ப்பாதியில் மெத்தை வைத்த அறைகள், மேல்பாதியில் துணி. நிரப்பிய பிறகு தடிமன் இருபத்திரண்டு. எல்லாம் சரி, நீளம் மட்டும் நாற்பத்தாறு. ஒரு நாள் யோசித்தேன். பிறகு அதையே வாங்கி, செல்லூரில் பை தைக்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். சௌராஷ்டிரக்காரர். தறிகள் ஓடும் சந்துக்குள் ஒற்றை அறை, இரண்டு மெஷின். மேல்பாதியை ஐந்து சென்டிமீட்டர் குறைக்க வேண்டும் என்று பென்சிலால் கோடு போட்டுக் காட்டினேன். அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"புதுப் பைதானண்ணே?"

"ஆமா."

"அம்புட்டுக் காசு குடுத்து வாங்கி, வெட்டச் சொல்றீங்களே. ரெண்டு இஞ்ச் கூடுனா பிளேனு பறக்காதா?"

"பிளேன் பறக்கும். என் பை கீழ போயிரும்."

அவர் உள்ளே திரும்பித் தம் மனைவியிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அந்த அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மூன்றாம் நாள் பை வந்தது. நாற்பத்தொன்று. தையல் இருந்த இடமே தெரியவில்லை.

விளாங்குடியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அடியில் செங்கல் அடுக்கி, விமானத்து இடத்தின் அளவில் ஒரு பொந்து செய்து, பையை உள்ளே தள்ளிப் பார்த்தேன். போனது. இழுத்தேன், வந்தது. எடை நான்கு கிலோ எண்ணூறு கிராம். மனைவி அடுப்படி வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, திருப்தியா?"

"திருப்தி."

"அப்ப செங்கல எடுத்துட்டு எல போடவா?"

வெள்ளிக்கிழமை மாலை டைரியில் எழுதினேன்: "நாளைப் பயணம். சாமான்: பை ஒன்று, கட்டைப்பை ஒன்று." எழுதி, மூடி வைத்துவிட்டேன். எழுதும்போது கை கொஞ்சமும் தயங்கவில்லை.

கட்டைப்பை என்பது ஜவுளிக் கடையில் சேலை எடுத்தால் போட்டுக் கொடுக்கிற, இரண்டு பிடி வைத்த கெட்டிப் பை. எங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், கோர்ட்டுக்குப் போகிறவர் எல்லார் கையிலும் அது தொங்கும். "கையில ஒண்ணுமில்ல, கட்டைப்பைதான்" என்றுதான் சொல்வோம். மனைவி அதில் அக்காவுக்கென்று ஒரு அரக்கு நிறச் சுங்குடிச் சேலை, ஒரு டப்பா முறுக்கு, மோர் மிளகாய், வெண்டைக்காய் வற்றல் எல்லாம் வைத்திருந்தாள். அதை நான் எடை போடவில்லை. அளக்கவில்லை. அதை எண்ணவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை காலை விமான நிலையத்தில் கவுன்டரில் இருந்த பெண் கேட்டாள்: "மொத்தம் எத்தனை பை சார்?"

"ஒண்ணு."

அவள் என் இடது கையைப் பார்த்தாள். "அது?"

"இது கட்டைப்பைங்க."

முழுமையான பதிலைச் சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தப் பெண்ணுக்கும் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டாள்.

"எங்க வீட்லயும் அப்படித்தான் சார் சொல்வாங்க. ஆனா கம்ப்யூட்டர்ல கட்டைப்பைக்குன்னு தனியா எடம் இல்லையே. ரெண்டுல ஒண்ணு கீழ போகணும்."

"அப்ப இதைக் கீழ போட்டுருங்க" என்று கட்டைப்பையை நீட்டினேன்.

"வாய் தெறந்த பை கீழ போகாது சார். ஜிப் வச்சதுதான் போகும்." அவள் விரல் என் தோளைக் காட்டியது.

மூன்று ஆண்டு யோசித்து, மூன்று பை பார்த்து, வெட்டித் தைத்து, செங்கல் அடுக்கி முடித்த பிறகு, பை மறுபடியும் சாமான் அறைக்கே போகப்போகிறது. வரிசையிலிருந்து அரை அடி விலகி நின்று மனைவியை அழைத்தேன்.

"கட்டைப்பையக்கூடவா எண்ணுறாங்க? எந்த ஊர்லங்க இந்த அநியாயம்?"

"இங்கதான். இதை இங்கயே விட்டுட்டுப் போயிறவா?"

"விட்டுட்டா? அந்தச் சேலையக் கட்டிக்கிட்டுத்தான் படத்துக்கு நிப்பேன்னு அக்கா சொல்லியிருக்காங்க. சேலை இல்லாம நீங்க மட்டும் போய் நின்னு என்ன செய்யப் போறீங்க?"

சேலையும் வேண்டும், கேமராவும் வேண்டும். சேலையை மட்டும் என் பைக்குள் திணிக்கலாமா என்று பார்த்தேன். ஜிப் பாதியில் நின்றது. செல்லூரில் குறைத்த அந்த ஐந்து சென்டிமீட்டர் இருந்திருந்தால் சேலை உள்ளே அடங்கியிருக்கும்.

எனக்குப் பின்னால் நின்ற வேட்டிக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். முன்பு சிரித்தவரும் அவர்தான்.

"தம்பி, உள்ள என்ன இருக்கு?"

"கேமரா. போன தடவ கீழ போட்டுத்தான் உடைஞ்சுச்சு."

"பைதான கீழ போகணும்? கேமராவும் கீழ போகணும்னு அந்தப் பிள்ள சொல்லுச்சா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. பைக்குள்தான் கேமரா என்று இரண்டு வாரமாக அளந்திருக்கிறேன். அவை இரண்டும் என் மனதில் ஒரே பொருளாகிவிட்டன. அவர் கட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார்.

"இதுல இருக்கிறத அதுல போடுங்க. அதுல இருக்கிறத இதுல போடுங்க. நானும் மக வீட்டுக்கு ரெண்டு கட்டைப்பையோட வந்து இதே எடத்துல முழிச்சவன்தான்."

தரையில் உட்கார்ந்து மாற்றினேன். கேமராவிலிருந்து லென்ஸைக் கழற்றி, மூடி போட்டு, சுங்குடிச் சேலையின் மடிப்புக்குள் வைத்தேன். கேமராவைத் துண்டில் சுற்றி அதற்குப் பக்கத்தில் வைத்தேன். பேட்டரி கீழே போகக் கூடாது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். லென்ஸ் இருந்த அறையில் முறுக்கு டப்பா, கேமரா இருந்த அறையில் மோர் மிளகாய், ஓரத்தில் வற்றல். முறுக்கு டப்பா அந்த அறைக்குள் அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்தது. வேட்டிக்காரர் என் கட்டைப்பையின் பிடி இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஆட்டாமல் நின்றார். தனிக் கட்டணம் கட்டி, பையைக் கொடுத்தேன். அது ஓடும் பட்டையில் நகர்ந்து மறைகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமான ஏணிக்குக் கீழே ஒருவர் நின்று, பெரிய பைகளை வாங்கி அட்டை கட்டிக்கொண்டிருந்தார். என் கையைப் பார்த்தார். கட்டைப்பையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரிடம் போய்விட்டார். அவருக்கும் அது பையாகத் தெரியவில்லை போலும். உள்ளே போய் முன் இருக்கைக்கு அடியில் தள்ளினேன். பிடிகளை மடக்கியதும் போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதன் மேல் கால் படாமல் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா வீட்டில் தங்கையும் தம்பியும் எனக்கு முன்னே வந்திருந்தார்கள். அக்கா தானே என் பையை வாங்கித் திறந்தாள். முகம் மாறிவிட்டது.

"என்னடா, பை பூரா மொளகா கெடக்கு? கேமரா எங்க? இந்தத் தடவையும் போச்சா?"

"கேமராவ வித்து முறுக்கு வாங்கிட்டு வந்திருக்காரு அண்ணன்" என்றான் தம்பி.

கட்டைப்பையை எடுத்து மேசைமேல் வைத்து, சேலையைப் பிரித்தேன். லென்ஸை மாட்டி வளையத்தைத் திருப்பினேன். திரும்பியது. இன்னொரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அக்காவை நிமிர்ந்து பார்த்தேன்.

முறுக்கு டப்பாவையும் திறந்தோம். இருபத்துநான்கு முறுக்கு, ஒன்றுகூட உடையவில்லை. நான் தேர்ந்தெடுத்த பை நல்ல பை என்பதற்கு எனக்குக் கிடைத்த ஒரே சான்று அது. டைரியில் குறித்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, வெயில் பக்கவாட்டில் விழும்படி கூடத்தில் நால்வரும் நின்றோம். முக்காலி இல்லாததால் காலிப் பையை ஸ்டூல்மேல் நிறுத்தி, கேமராவை அதன்மேல் உட்கார வைத்தேன். பத்து நொடி வைத்து அழுத்திவிட்டு ஓடி வந்து தங்கைக்குப் பக்கத்தில் நின்றேன். பதினோரு படம். முதல் இரண்டில் என் தோள் பாதிதான் வந்திருந்தது.

திரும்பும்போது அக்கா கட்டைப்பை நிறைய ஏதோ வைத்துக் கொடுத்தாள். டைரியில், "சாமான்: பை இரண்டு" என்று எழுதினேன்.

ஐந்தாவது படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டம் அடித்து அனுப்பினேன். கஞ்சி போட்ட சேலை என்பதால், அக்காவின் இடது தோளுக்குக் கீழே லென்ஸின் அளவில் வட்டமாக ஒரு மடிப்பு தெரிகிறது. விட்டம் ஏழு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். அச்சுப் போட்ட இடத்தில் அதை அழித்துத் தரட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் அக்கா அழைத்தாள். மழை, உடம்பு, பிள்ளைகள் படிப்பு எல்லாம் விசாரித்து முடித்தாள்.

"அந்த ஆணி பத்தலடா. படம் கனமா இருக்கு. வேற ஆணி அடிச்சிருக்கேன்."