பொய் ஜன்னல்

இது நடந்தது. நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். வாதாட எனக்குத் தெம்பில்லை.

என் தம்பி கடைசியாக என்னிடம் போனில் பேசியபோது காலை மணி பதினொன்று இருபது. அவன் ஏணியில் நின்று ஒரு பழைய வீட்டின் முகப்பை அளந்துகொண்டிருந்தான். நான் அலுவலகத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"கல்பட்டையோட அடிப்பக்கம். நானூத்திப் பன்னெண்டு."

"நானூத்திப் பன்னெண்டு."

"சரி."

இறங்கும்போது ஏணி வழுக்கியது. ஒன்பதடிதான். தலை நடைபாதைக் கல்லில் பட்டது.

எங்கள் தொழில் கட்டட வரைபடம். அவன் அளப்பான், நான் வரைவேன். அளப்பவன் சொல்லும் எண்ணை எழுதுபவன் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டும் ஒத்தால் அளப்பவன் 'சரி' என்பான். ஒக்காவிட்டால் மறுபடி டேப்பைப் பார்க்க வேண்டும். இருபத்திரண்டு வருடங்களில் 'சரி' வராமல் அடுத்த அளவுக்கு நாங்கள் போனதில்லை.

அந்தத் தெருவில் நூறு வயது தாண்டிய வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். நடுவே காலி மனையில் ஆறு மாடிக் கட்டடம் வரவிருந்தது. தெருவின் முகம் கெடக்கூடாது என்று நிபந்தனை. பக்கத்து வீட்டு முகப்பின் குறுக்கே வரம்புபோல ஓடும் கல்பட்டை புதுக் கட்டடத்திலும் அதே உயரத்தில் தொடர வேண்டும். ஜன்னல்களும் அதே இடைவெளியில் வர வேண்டும். ஜன்னல் வைக்க முடியாத இடத்தில் பொய் ஜன்னல். சட்டம், மூடிய கதவு எல்லாம் உண்டு, பின்னால் சுவர்.

"கிழவிங்க வரிசையில ஒரு சின்னப் பொண்ணுக்கு நரை பூசி உக்கார வைக்கிறோம்ணா" என்பான் தம்பி.

அவன் போய் ஒன்றரை வருடத்தில் கட்டடம் எழுந்துவிட்டது. ஆனால் பட்டை பொருந்தவில்லை. புதுப் பட்டை பக்கத்து வீட்டுப் பட்டையைவிட நாலு சென்டிமீட்டர் மேலே நின்றது. தெருவில் போகும் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

காண்டிராக்டர் என் மேசைக்கு வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். கடைசி அளவு. மனுஷன் களைச்சுப் போயிருப்பாரு. அளவெடுத்ததுல பிழைன்னு ஒரு வரி, உங்க கையெழுத்து, அவ்வளவுதான். அவரென்ன வந்து கேக்கப் போறாரா?"

திங்கட்கிழமை கையெழுத்துப் போடுவதாகச் சொன்னேன். சண்டை போட முடியவில்லை. அந்த ஒன்றரை வருடமும் காலையில் எழுந்து சட்டை மாட்டுவதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

தம்பி மனைவியிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அவரு தப்பா அளந்தாருன்னு நீங்களே எழுதப் போறீங்களா மாமா?"

"அலுத்துப் போச்சும்மா."

"மோதிரத்துக்கு என் விரலையே ரெண்டு தரம் அளந்த மனுஷன்." ஒரு சட்டையை மடித்து முடித்தாள். "ஒரு தடவை நீங்க போய் அளந்துட்டு எழுதுங்க. அதுக்கு மேல நான் கேக்கல."

ஞாயிறு பிற்பகல் மூன்று நாற்பதுக்குப் போனேன். நல்ல வெயில். காவல்காரர் கதவைத் திறந்தார்.

"உள்ள யாராவது?"

"ஞாயித்துக்கிழமை யாரு சார் வருவா? சாரப் பலகை பாத்துக் கால வைங்க."

முகப்புச் சாரத்தில் ஏறினேன். இடது பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர், அதன் கல்பட்டை. வலது தோளுக்குப் பக்கத்தில் ஒரு பொய் ஜன்னல். அதன் பின்னால் லிப்ட் குழி என்று எனக்கு நினைப்பு.

டேப்பின் நுனியில் எடை கட்டி நடைபாதைக் கல்லுக்கு இறக்கினேன். காற்றில்லை. ஆனாலும் நுனி நிற்காமல் ஆடியது... பிறகு சட்டென்று நின்றது.

கீழிருந்து டேப் இரண்டு முறை இழுபட்டது. மெதுவாக.

அவன் அப்படித்தான் செய்வான். நுனி பிடித்தாயிற்று என்று அர்த்தம்.

குனிந்து பார்த்தேன். கல்மேல் எடை மட்டும் கிடந்தது. தெருவில் ஆளில்லை.

மூன்று ஐம்பத்தைந்து. பட்டையின் அடியில் எண்ணைப் பார்த்தேன். காண்டிராக்டர் சொன்னது உண்மை. தம்பிதான் பிழை செய்திருக்கிறான். எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்றுதான் இருந்தது.

பழக்கத்தில் வாய்விட்டுச் சொன்னேன்.

"நானூத்தி எட்டு."

பொய் ஜன்னலுக்குள்ளிருந்து பதில் வந்தது.

"நானூத்திப்..."

எதிரொலி. குழிக்குள் எதிரொலி. அப்படித்தான் நினைத்தேன்.

"...பன்னெண்டு."

எதிரொலி எண்ணை மாற்றாது.

பலகையைப் பிடித்துக்கொண்டேன். டேப்பை மறுபடி பார்த்தேன். நானூற்று எட்டு. சந்தேகமே இல்லை.

"நானூத்தி எட்டு" என்றேன்.

"நானூத்திப் பன்னெண்டு."

கோபமில்லை. அவசரமில்லை. ஏணி ஏறியவனின் மூச்சு... அதுமட்டும் கேட்டது.

"டேய்" என்றேன்.

டேப் விறைத்தது. என் கை கீழே இழுபட்டது.

"அண்ணா... சரியா?"

ஒரு விரல்கடை தூரத்தில். சட்டத்துக்கு அந்தப் பக்கம்.

சரி வராமல் அவன் நகரமாட்டான். எனக்குத் தெரியும்.

"சரி" என்றேன்.

டேப் தொய்ந்தது.

நாலு ஒன்பது.

எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. "பேச்சுச் சத்தம் கேட்டுச்சே, போனா சார்?" என்றார் காவல்காரர். போன் நாள் முழுக்க வீட்டில் சார்ஜில் கிடந்தது.

திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடவில்லை. சர்வேயரை வைத்து அளக்கச் சொன்னேன். காவல்காரர் சொல்லியிருக்க வேண்டும், காண்டிராக்டர் சிரித்தார். "உங்க டேப்பே நானூத்தி எட்டுன்னு சொல்லுச்சாமே?" ஆமாம் என்றேன். இருந்தாலும் அளக்கணும் என்றேன். அந்த வருடத்தில் நான் பிடித்த ஒரே பிடிவாதம் அது.

சர்வேயர் ஒரு பெண். பக்கத்து வீட்டுச் சுவரில் உயரம் காட்ட நகராட்சி செதுக்கிய பழைய மட்டக்குறியை மூன்று முறை பார்த்தார். பிறகு அந்த வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார். ஐந்து பேர். அன்று மாலையே வெளியேறச் சொன்னார்.

தம்பி அளந்தபோது நானூற்றுப் பன்னிரண்டு சரி. அதன் பிறகு புதுக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டினார்கள். பழைய வீடு நாலு சென்டிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது. இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் பின்பக்கச் சுவர் விழுந்தது. உள்ளே யாருமில்லை.

தம்பி மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. "குரல் களைச்ச மாதிரி இருந்துச்சா மாமா?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன்.

வேலை முடிந்த அன்று காண்டிராக்டரிடம், லிப்ட் குழிக்கு முகப்புப் பக்கம் காற்றுவழி ஏதும் உண்டா என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"எந்தக் குழி? அது பின்பக்கம் போய் ரொம்ப நாளாச்சே. முன்னால கனம் தாங்கணும்னு அங்க முழுக்கக் கான்கிரீட் போட்டுட்டோம். முப்பது சென்டிமீட்டர். எலி போகக்கூட இடமில்ல சார்."

அவர் சொன்னதை நான் நம்பவில்லை. ஆள் வைத்துத் துளை போட்டுப் பார்த்தேன். போன வாரம்கூடப் போய்த் தட்டினேன்.

முழுக் கான்கிரீட்தான்.