ஒளித்துச் சாப்பிடாத மாத்திரை

சகுந்தலா டீச்சர் போய்விட்டார் என்று அவருடைய மகள் வித்யா தொலைபேசியில் சொன்னபோது நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். காலையில் காபி கலந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். மாரடைப்பு. மயிலாப்பூரில் எங்கள் பள்ளியில் கணக்கு நடத்தியவர். இதைப் படிக்கிற பலர் அவரிடம் படித்தவர்கள். மந்தைவெளியில் அவர் வீட்டு வாசலில் ஒருவர், "ஹார்ட் பேஷண்ட்தானே, எதிர்பார்த்ததுதான்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவரைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதானா இருக்கிறது?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மாடி வகுப்புக்கு ஏறும்போது அவருக்கு நெஞ்சை யாரோ அழுத்துவது போலிருக்கும். பாதிப் படியில் நின்றுவிடுவார். பக்கத்தில் இருந்த ஒரு டாக்டரிடம் உடன் வேலை பார்த்த நான்தான் கூடப் போனேன். அந்த டாக்டர் டீச்சரின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பைக்கூட வைக்காமல், "இந்த வயசுல லேடீஸுக்கு இப்படித்தாம்மா. வாயு. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று வயிற்றெரிச்சலுக்கு மருந்து எழுதினார்.

டீச்சர் சீட்டை வாங்கவில்லை.

"இதே வலி எங்காத்துக்காரருக்கு வந்திருந்தா வாயுன்னு அனுப்பிச்சிருப்பேளா டாக்டர்? ஈசிஜி எடுக்கச் சொல்லியிருக்க மாட்டேளா?"

நாங்கள் அடையாறில் ஓர் இதய மருத்துவரைத் தேடிப் போனோம். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு டீச்சர் டிரெட்மில்லில் நடந்தார். சற்று நேரத்திலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. தினமும் ஆஸ்பிரின், அட்டெனலால். வலி வந்தால் நாக்குக்கு அடியில் சார்பிட்ரேட்.

வெளியே வந்தவர் முகத்தில் பயத்தைவிட வெற்றிதான் தெரிந்தது. "பாத்தியா மீனா, நான் ஒண்ணும் பொய் சொல்லலை" என்றார்.

அந்த மருந்துகள் சுகமாக இருக்கவில்லை. அட்டெனலால் அவரைச் சோர்வாக்கியது. விரல்கள் சில்லிட்டுக் கிடக்கும். சார்பிட்ரேட் போட்டால் மண்டை இடிக்கும். ஒரு வேளையும் விட்டதில்லை. "தலை வலிக்கறதுன்னா தலை இருக்குன்னு அர்த்தம்" என்பார். வகுப்பில் வலி வந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அது என்ன, எதற்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த கணக்கு.

அவர் கணவருக்கு இது பிடிக்கவில்லை. "வித்யாவுக்கு வரன் பாக்கற நேரம். அம்மாவுக்கு ஹார்ட்டுன்னு தெரிஞ்சா எவன் வருவான்? சமையலறைல போய் சாப்பிடேன்" என்று கெஞ்சினார்.

தி.நகரிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று நானும் அங்கே பஜ்ஜி பரிமாறிக்கொண்டிருந்தேன். பேசிக்கொண்டிருந்த டீச்சர் பாதியில் நிறுத்தினார். கணவர் கண்ணால் உள்ளே போகச் சொன்னார். அவர் அசையவில்லை. மாத்திரையை நாக்கடியில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு அவரே பேசினார்.

"எனக்கு நெஞ்சு வலி உண்டு. இது அதுக்கான மாத்திரை. இப்போ வலி விட்டுடுத்து. மேல பேசலாம்."

பிள்ளையின் அப்பா காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. கணவர் பல நாள் முகம் கொடுக்கவில்லை. வித்யா மட்டும் அம்மாவின் தோளில் சாய்ந்து, "அந்தாத்துக்குப் போய் நான் என்னத்தை எல்லாம் ஒளிச்சு வெக்கணுமோ! விடும்மா" என்றாள்.

கொஞ்ச நாள் கழித்துப் பள்ளி வாசலில் ஓர் அம்மாள் தனியாக நின்றுகொண்டிருந்தார். பெண் பார்க்க வந்த தி.நகர்ப் பிள்ளையின் தாயார்.

"மாமி, எனக்கும் மாடி ஏறினா அழுத்தறது. ஆத்துல சொல்ல பயமா இருக்கு. நீங்க பாக்கற டாக்டர் யாரு?" குரல் எழும்பவேயில்லை.

வேறு யாராக இருந்தாலும் ஒரு வார்த்தையாவது குத்திக் காட்டியிருப்பார்கள். டீச்சர் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். "வாங்கோ, நானே அழைச்சுண்டு போறேன். ஆனா டாக்டர்கிட்ட இப்படி முணுமுணுக்கப்படாது. சத்தமா சொல்லணும்" என்றார். அந்த அம்மாளுக்கும் அடைப்பு இருந்தது. நேரத்தில் பார்த்ததால் இன்றும் நடமாடுகிறார்.

வித்யா பின்னால் கோட்டூர்புரத்தில் வாழ்க்கைப்பட்டாள். அம்மாவின் நோயை முதல் சந்திப்பிலேயே சொல்லித்தான் அந்தக் கல்யாணம் நடந்தது.

நேற்றுப் பள்ளியில் நடந்த இரங்கல் கூட்டத்தில் 'திடீர் உடல்நலக் குறைவால் மறைந்தார்' என்று தீர்மானம் வாசித்தார்கள். நான் எழுந்தேன்.

"திடீரென்று ஒன்றுமில்லை. அவருக்கு இதய நோய். பல வருஷம் அதோடு மல்லுக்கட்டினார், பாடம் நடத்தினார், பேத்தியையும் தூக்கிக் கொஞ்சினார். அப்படியே எழுதுங்கள்."

என் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. கூட்டங்களில் வாயே திறக்காதவள் நான். அந்தச் சத்தம் அவர் எனக்கு விட்டுப்போனது. அதை நான் இனிக் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.