இத்தினூண்டு டெரோசர்

இருபதடிச் சுவரின் நடுவே, உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு சின்ன உருவம். எங்கள் பள்ளி ஓவிய டீச்சரை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் தெரிவது அதுதான்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய அரசுப் பள்ளி அது. நான் கணக்கு டீச்சர். குழி தோண்டினால் கடல் சிப்பியும், எப்போதாவது டைனோசர் எலும்பும் கல்லாகிக் கிடைக்கிற ஊர். அதனால், புதுக் கட்டடத் திறப்புக்கு அதிகாரி வருகிறார் என்றதும் தலைமையாசிரியர், "டைனோசர் ஒண்ணு போட்டுடுங்க டீச்சர். செவுரு முழுக்க, பல்லக் காட்டிக்கிட்டு நிக்கணும்" என்றார்.

ஓவிய டீச்சர் வரைந்தது வேறு. சுவர் நிறைய ஒரு மரம். அதன் கிளையொன்றை வளைந்த நகங்களால் பற்றியபடி ஒரு டெரோசர். டைனோசர்கள் காலத்தில் பறந்து திரிந்த ஊர்வன இனம். சீனாவில் கிடைத்த இந்த வகை சிட்டுக்குருவி அளவுதானாம், பல்லும் கிடையாதாம். புத்தகத்தில் பார்த்ததை அளவு மாறாமல் வரைந்திருந்தார்.

"இம்மாம் பெரிய செவுத்துல இத்தினூண்டா?" என்று தலைமையாசிரியர் கத்தினார்.

"அது அவ்ளோதான் சார் இருந்துச்சு."

அன்று மாலையே அந்த உருவத்தின் மேல் வெள்ளையடித்தார்கள். மறுநாள் காலை மணி அடிப்பதற்குள் அது அதே கிளையில் உட்கார்ந்திருந்தது. மறுபடி அடித்தார்கள்; மறுபடி வந்தது. ஓவிய டீச்சருக்குப் பகுதிநேர வேலை. மேலிடத்துக்கு ஒரு கடிதம் போனால் போதும், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். "விட்டுடுங்களேன் டீச்சர், ஒரு படத்துக்காகவா?" என்று கெஞ்சினேன். தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பெருசுக்குத்தான் ஊரு பூரா செல வெக்கிறாங்களே. இதுவும் இந்த ஒலகத்துல இருந்துச்சுங்க. நான் அழிக்க மாட்டேன்."

பள்ளிச் சுவரைப் பாழாக்கினார் என்று கடிதம் தயாரானது. ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். முதலில் மறுத்தது நானில்லை, பி.டி. மாஸ்டர். காகிதத்தை அப்படியே என் பக்கம் தள்ளினார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பேனாவைத் திறந்தும்விட்டேன். பிறகு மூடி வைத்துவிட்டு, "நான் போடலீங்க சார்" என்றேன். எனக்குப் பின்னால் ஒருவரும் போடவில்லை. கடிதம் போகவே இல்லை. விழாவுக்கு வந்த அதிகாரி அந்தச் சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தத் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். நானும் மாற்றலாகிக் கீழப்பழுவூர்ப் பக்கம் வந்துவிட்டேன். போன மாதம் பழைய பள்ளிக்குப் போனபோது ஓவிய டீச்சர் அந்தச் சுவர் முன்னால் ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். இன்னும் பகுதிநேரம்தான். லாரிப் புழுதியைத் துடைத்த கிளைகளில், பழையதற்குப் பக்கத்தில், அதே அளவில் ஐந்தாறு புதிதாக உட்கார்ந்திருந்தன.

"எதுக்கு டீச்சர் இத்தன?"

அவர் திரும்பாமலே சொன்னார்: "புது எச்.எம். வந்திருக்காருங்க. ஒண்ணே ஒண்ணா இருந்தா அழிச்சுடலாம்னு தோணும்ல?"