வாசலில் தெளித்த தண்ணீர்

மெல்பேணுக்கு மனைவி வந்து சேர்ந்த அந்த முதற் குளிர்காலம் முழுவதும் எனக்கு ஒரே பயம்தான். இவள் இந்தக் குளிரைத் தாங்குவாளா, யாழ்ப்பாணத்துக்கே திரும்பிப் போய்விடுவாளா? எழுபதுகளில் கிளென் வேவர்லிப் பக்கம் எங்கள் ஆட்களைக் காண்பதே அபூர்வம். அவளுக்குக் கதைக்க ஆளில்லை. நான் விடிய முன் தொழிற்சாலைக்குப் போனால், பின்னேரம் அடித்துப்போட்டவன் போலத் திரும்பி வருவேன். ஊரில் ஆடிக்கூழ் காய்ச்சுகிற மாதத்தில், இங்கே குசினியில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கல்லாய் இறுகிக் கிடக்கும். அவள் போத்தலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுவே இப்பிடியெண்டா எங்கட கதி என்ன?” என்பாள்.

குளிரைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டது கொஞ்சம். இரவில் வானம் மூடியிருந்தால் பயமில்லை. நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் விடியப் புல்லெல்லாம் வெள்ளை, கார்க் கண்ணாடியில் ஐஸ். அதைச் சுரண்டிச் சுரண்டியே விரல் மரத்துப்போகும். என்ன கோதாரிக்கு இந்த நாட்டுக்கு வந்தேன் என்று ஒவ்வொரு நாளும் திட்டிக்கொண்டுதான் காரை எடுப்பேன்.

அவளோ எனக்கும் முன்னே எழும்பிவிடுவாள். வாளியில் தண்ணீர் பிடித்து, முன்கதவைத் திறந்து, ஊரில் முற்றம் தெளிப்பதுபோல வாசற்படிக்கும் சிமெந்து நடைக்கும் கையால் அள்ளித் தெளிப்பாள். சாணமில்லை, மண்ணில்லை, விடியவுமில்லை. ஆனாலும் ஒரு நாளில் அவள் முகம் மலர்ந்திருக்கிற நேரம் அது ஒன்றுதான்.

“இந்தக் குளிருக்கை என்ன தெளிப்பு? சும்மா உள்ள வாரும்.”

“வாசல் தெளிக்காமல் எப்பிடி விளக்குக் கொளுத்திறது? நீங்கள் போய்த் தேத்தண்ணியைக் குடியுங்கோ.”

சரி, என்னவோ செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். அதைச் செய்கிறவரைக்கும் ஊருக்குத் திரும்பிப் போகமாட்டாள் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை.

ஒருநாள் இரவு வானத்தில் ஒரு முகில் இல்லை; அந்த வருடத்திலேயே மோசமான குளிர். விடிய அவள் தெளித்த தண்ணீர், நான் வெளிக்கிட முன்னமே சிமெந்தில் உறைந்துவிட்டது. இருட்டில் பார்த்தால் வெறும் ஈரம். காரைத் திறக்கத் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியில் காலை வைத்தேன், அவ்வளவுதான். மல்லாக்க விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துபோனது.

“ஐயோ, நான்தான்! நானே உங்களை விழுத்திப்போட்டன்!” என்று அவள் படியில் குந்தியிருந்து குழறினாள்.

“விசர்க்கதை கதையாதையும். தண்ணி உறையுமெண்டு உமக்கென்ன தெரியும்? கைதானே, பொருந்தும்.”

அடுத்த நாள் வாளி அசையவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மாவுக்கட்டுப் போட்ட கையோடு நான் வீட்டில் இருந்தேன். அவள் பொழுது ஏறியும் கம்பளிக்குள்ளேயே சுருண்டு கிடந்தாள். சுவாமி விளக்கும் கொளுத்தவில்லை.

“வெயில் வந்து ஐஸ் கரைஞ்ச பிறகு தெளியுமன்,” என்று கேட்டுப் பார்த்தேன்.

“வெயில் ஏறின பிறகு தெளிச்சா அது வாசல் தெளிக்கிறதே? நிலம் கழுவுறது.” பிறகு என் கட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “என்னால இஞ்ச ஏலாது. நான் போறன். கோவியாதேங்கோ.”

கோபம் வரவில்லை. மறித்து வாதாட எனக்குத் தெம்பும் இல்லை. கட்டு அவிழ்க்க முன்னமே அவளை விமானம் ஏற்றிவிட்டு, வெறும் வீட்டுக்குத் திரும்பி வந்து படுத்தேன்.

அன்றிரவும் வானம் வெளித்துத்தான் இருந்தது. விடியக் கதவைத் திறந்து, விழுந்த நாளிலிருந்து வந்த பழக்கத்தில் கதவு நிலையை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மெதுவாக வெளியே வைத்தேன். புல் வெள்ளை, கார் வெள்ளை. கூரைக்குக் கீழே படி மட்டும் காய்ந்து கிடந்தது. வழுக்குவதற்கு அங்கே ஒன்றுமில்லை. பிடித்த நிலையை விடமுடியாமல் அப்படியே நின்று அழுதேன்.