நெருஞ்சியின் வேரில் வெந்நீர்

பஞ்சர்க்காரர் ஊரார் டயரில் ஏறிய முள்ளால் சோறு தின்றவர். டயருக்குள் கையை விட்டு ஒரு சுற்றுத் தடவினால் போதும், கண்ணுக்கே தெரியாத முனையும் அவர் விரலில் தட்டுப்பட்டுவிடும். அப்பேர்ப்பட்ட மனிதர் தன் வீட்டு முன்புறப் புல்தரையில் நெருஞ்சி படர்ந்திருப்பதைக் கண்டு பயந்துபோனார்.

காரணம், மனைவியின் பாதங்கள். சர்க்கரை நோயால் இரண்டிலும் உணர்ச்சி செத்துப்போயிருந்தது. போன மழைக்காலத்தில் குதிகாலில் ஆணி ஏறியதே தெரியாமல் பகல் முழுக்க வீட்டில் நடமாடியிருக்கிறாள். "இன்னொரு புண் வந்தா ஆறும்னு சொல்ல முடியாது, காலையே எடுக்க வேண்டி வரும். வீட்டுக்குள்ளயும் செருப்போடதான் நடக்கணும்" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவளும் போட்டுக்கொண்டாள். புல்தரைக்கு வந்தால் மட்டும் கழற்றிப் போட்டுவிடுவாள்.

"ஏங்க, என்னமா சில்லுனு இருக்கு!"

அது பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல மனசு வரவில்லை. கண்டிக்க வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொண்டு, முள்ளில்லாத தரையாக்கித் தருகிறேன் பேர்வழி என்று மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்.

பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்தார். "எதுக்குங்க இந்தப் பாடு? மருந்து வாங்கி அடிங்க, ஒரே வாரத்துல கருகிடும்."

"அடிச்ச தரையில அவ வெறுங்கால்ல நடப்பாளே சார். வேணாம்."

மழை ஓய்ந்து மண் இளகியிருக்கும்போது, மஞ்சள் பூ காயாகி முள் வைப்பதற்குள், வேரோடு பிடுங்கினார். பிடுங்கிய இடத்தில் புல் விதையைத் தூவினார். புல் வளர்ந்து நிழல் கட்டினால் களைக்கு வெயில் கிடைக்காதென்று ஒட்ட வெட்டுவதை நிறுத்தினார். உதிர்ந்து கிடந்த முள்ளைப் பொறுக்க, பழைய டியூபைப் பிளந்து தரையில் விரித்து, மேலே ஏறி மிதித்தார். முள்ளெல்லாம் ரப்பரில் குத்திக்கொண்டு வந்தது. ஒரு மனிதனுக்குக் கை கால் மட்டுமல்ல, தொழிலும் கூடவே வரும்போலிருக்கிறது.

மதிலோரத்துச் செங்கல் இடுக்கில் இருந்தவை மட்டும் பிடிவாதம் பிடித்தன. இழுத்தால் தலை வந்தது, வேர் வரவில்லை. வேரில் வெந்நீர் ஊற்றுவது என்று துரோகத்தைச் சொல்வார்கள். இவர் நிஜமாகவே ஊற்றக் கிளம்பினார்.

காலையில் ஒரு பாத்திரம் தளதளவென்று கொதித்த நீரைக் கொண்டுவந்து மதிலோரமாகச் சாய்த்தார். கொடிகள் கண்ணெதிரே துவண்டன. மிச்சத் தண்ணீர் புல்லோரப் பள்ளத்தில் தேங்கியது. அடுப்பில் இருந்த அடுத்த பாத்திரத்தை எடுக்க உள்ளே போனார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

திரும்பி வந்தபோது அவள் அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தாள். கணுக்காலைச் சுற்றி ஆவி பறந்தது.

"பாருங்களேன், எப்படிச் சுருண்டு போச்சு!" என்று குனிந்து சிரித்தாள். "கெட்டிக்காரர்தான் நீங்க."

பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். "நகரு! அங்கருந்து நகருடி!"

"எதுக்கு இப்படிக் கத்துறீங்க? என்ன ஆச்சு?" என்று நின்ற இடத்திலேயே நின்று கேட்டாள்.

அம்மாவின் பாதங்கள் வெந்துபோனதைக் கேட்டு மகள் ஃபோனில் அழுதாள். தரையை சிமெண்ட் போட்டு மூடச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரர், வாணலிக்குத் தப்பி அடுப்பில் விழுந்த கதையாகிவிட்டதே என்று யாரிடமோ சொன்னது மதில் தாண்டி இவர் காதிலும் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டு மாற்றும்போதெல்லாம் கூட நின்றார். காலைக் காப்பாற்ற முடியுமா என்று டாக்டர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு நர்ஸ் துணியைப் பிரித்ததும் அவரால் பார்க்க முடியவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இங்க திரும்புங்க" என்றாள் மனைவி.

அவர் திரும்பவில்லை.

"திரும்புங்கன்னா. எனக்குதான் வலியே தெரியலையே. உங்க மூஞ்சியப் பாத்துதானே ஆறுதா இல்லையான்னு தெரிஞ்சுக்கறேன்."

அவர் திரும்பினார். அவள் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்றாள்.