இரண்டு தட்டா, மூன்று தட்டா

கடலூரில் நடந்த கல்லூரிப் பெண்கள் கபடி இறுதிப் போட்டியில் நாங்கள் ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். அந்தப் புள்ளி நான்தான். கடைசி ரைடு போனவள், கணுக்காலைக் கொடுத்துவிட்டு நடுக்கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் குப்புற விழுந்தேன். என்னைப் பிடித்த எதிரணிக் கேப்டன் எழுந்து நின்று தொடையைத் தட்டினாள். பிறகு கைகொடுத்து என்னைத் தூக்கிவிட்டாள்.

சிதம்பரம் திரும்பும் பஸ்ஸில் எங்களில் யாருக்கும் அவமானம் ஆகவில்லை. ஆலப்பாக்கம் வரை அழுதோம். அதன்பின் யார் தப்பு என்று சண்டை போட்டோம். அவமானம் மறுநாள் காலை வாட்ஸப்பில்தான் வந்தது. தொடை தட்டும் வீடியோவை யாரோ போட்டிருந்தார்கள். தூக்கிவிட்டது அதில் இல்லை. ஒரு பெண் தொடை தட்டலாமா என்று, கபடியே பார்க்காத மாமாக்கள் எல்லாம் மதியத்துக்குள் கருத்துச் சொல்லி முடித்திருந்தார்கள்.

எங்கள் பி.டி. சார் ஒரு புகாரை எழுதி என்னிடம் நீட்டினார். எதிரணிக் கேப்டன் மூன்று முறை தொடை தட்டியதால் நான் கடும் மன உளைச்சலுக்கு ஆளானேன் என்று அதில் இருந்தது.

"சார், நான் தோத்ததுக்குத்தான் அழுதேன்."

"அத எழுதிக் குடுத்தா யாரு படிப்பாங்க? கையெழுத்துப் போடும்மா."

மாவட்ட அணிப் பட்டியலில் அந்தக் கேப்டனின் பெயர் இருந்தது. அதில் இடம் கிடைக்காமல் முதல் ஆளாக வெளியே நின்றவள் நான். மாவட்டத்துக்காக மாநிலப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு முயலலாம். அவளுக்கும் அதுதான் கனவு, எனக்கும் அதுதான். இதை பி.டி. சார் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

மாவட்டக் கபடிச் சங்கத்தின் விசாரணையும் கடலூரில்தான். ஐந்து பெரியவர்கள் ஒரே போனில் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். இரண்டு தட்டா, மூன்று தட்டா என்பதில் அவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. வெகுநேரம் அதுவேதான் விசாரணையாக நடந்தது.

"பொம்பளப் புள்ள தொடையத் தட்டலாமாம்மா?" என்றார் நடுவில் இருந்தவர்.

"கபடியில வேற எதத் தட்டுறது சார்?" என்றாள் அவள். கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுவே வினையாகப் போயிற்று.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா. மனசு கஷ்டப்பட்டுச்சா?"

இல்லை சார், நான் பிடித்திருந்தால் நானும் தட்டியிருப்பேன், அரையிறுதியில் தட்டவும் தட்டினேன். இவ்வளவையும் மனசுக்குள் சரியாகச் சொன்னேன். வாய் மட்டும் "ஆமா சார்" என்றது.

புகாரில் மூன்று என்பதை இரண்டு என்று திருத்தினார்கள். நியாயமாக நடக்க வேண்டுமாம். பிறகு அவளை மாவட்ட அணியிலிருந்து நீக்கினார்கள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரு தூண் மறைவில் நின்றுகொண்டேன். வெட்கமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. அவளோ என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"அக்கா, லிஸ்ட்ல அடுத்தது நீங்கதான?"

"ஆமா."

"ரைடு போறப்ப எடது கால ரொம்ப நேரம் ஊனி வெக்கிறீங்க. அதாலதான் ஈஸியாப் புடிச்சிட்டேன். மாத்திக்கங்க, அங்க வர்றவளுங்க விட மாட்டாளுங்க."

பண்ருட்டி பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் மாற்றிக்கொண்டேன். மாநிலப் போட்டியில் ஒரு தடவைகூட யாரும் என்னை அந்தக் காலில் பிடிக்கவில்லை.