மேஜருக்கு நாலாவது இடம்

செம்பி முதலில். அடுத்தது கருவாயன். கடைசியில் ஒத்தக்காதன். மழை கொட்டினாலும் சரி, மனைவி வீரம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டாலும் சரி, மூன்று நாய்களும் இந்த வரிசையில் வாசற்படியைத் தாண்டிய பிறகுதான் மூக்கன் தன் வீட்டுக்குள் கால் வைப்பார். ஒத்தக்காதன் சில நாள் முந்தப் பார்க்கும். மூக்கன் அதட்டமாட்டார். முழங்காலால் வழியை மறித்துக்கொண்டு, "ஒன் பேரு இன்னும் கூப்பிடலடா" என்பார். பெயர் கூப்பிடும்வரை அது படியிலேயே உட்கார்ந்திருக்கும்.

இலங்கை மலைநாட்டில் நோர்வூட்டுக்கு மேலே, பஸ் போகாத ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தின் கடைசி வீடு அவருடையது. தொழில், பெரிய துரை பங்களாவில் நாய் பார்ப்பது. இருபத்திரண்டு வருஷமாக அது ஒன்றுதான் வேலை. துரை வேண்டாமென்று கழற்றிப்போட்ட காக்கிக் கோட்டு ஒன்று முழங்கால்வரை தொங்கியபடி அவர்மேல் கிடக்கும். அதன் பைகளில் காய்ந்த ரொட்டித் துண்டும், உண்ணி பிடுங்க ஒரு சின்னக் குறடும், வேப்பெண்ணெய்க் குப்பியும் எப்போதும் இருக்கும். காமன் கூத்துக்குப் போனாலும் அந்த எண்ணெய் மணம் அவருக்கு முன்னால் போய் நிற்கும்.

மனிதர்களிடம் மூக்கன் வாயில்லாப் பூச்சி. அரிசி போடும் நாளில் முதல் ஆளாக வந்து நிற்பார். அவர் சாக்கை விரிக்கும்போது பாதி லயம் அவரைத் தாண்டிப் போயிருக்கும். கேட்டால், "அவுங்களுக்குப் புள்ளகுட்டி இருக்கு" என்று சிரிப்பார். நாய்களிடம் மட்டும் இம்மி பிசகமாட்டார். எது மூத்தது, எது எதற்கு வழிவிட வேண்டும், எது எங்கே படுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "யாரு முந்தி, யாரு பிந்தின்னு தெரிஞ்சிருச்சுன்னா அது பாட்டுக்குத் தூங்கும். தெரியாட்டிதான் கடிக்கும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது.

ஐம்பத்தேழாம் வருஷம் துரை வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்புவதென்று முடிவானது. கப்பலேறும் துரைமார் சிலர் வளர்த்த நாய்களைச் சுட்டுவிட்டுப் போவது உண்டு. சீமையில் இறக்கினால் ஆறு மாசம் கூண்டில் அடைப்பார்களாம்; இங்கே விட்டுப்போனால் கவனிப்பாரில்லாமல் அலையுமாம். இந்தத் துரையும் கெட்டவரல்ல. நல்ல மனதோடுதான் துப்பாக்கியை எடுத்தார். பங்களாவில் இருந்த மூன்றில் இரண்டு கிழட்டு நாய்களுக்கும் பங்களாவுக்குப் பின்னால் குழி வெட்டியவர் மூக்கன். மூன்றாவது குழிக்கு மண்வெட்டியை ஓங்கியவர், கை ஓடாமல் கீழே போட்டுவிட்டார். மூன்றாவது, மேஜர். நாலு வயது அல்சேஷன். கண் சரியாகத் திறக்காத குட்டியாக வந்த நாளிலிருந்து அவர் கையில் பால் குடித்து வளர்ந்தது.

"இத எனக்குக் குடுங்க துரை" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் மூக்கன் வாய்திறந்து கேட்டது இது ஒன்றைத்தான்.

துரை யோசித்தார். "ஒன் நாய் மூணும் இதைக் கடிச்சுக் கொல்லும்" என்றார் தம்முடைய தோட்டத்துத் தமிழில். "எட்டு நாள் கொண்டு போ. நான் வந்து பாக்கும். சண்டை இருந்தா, நான் சுடும்."

நாய்களைப் பற்றி மூக்கனைவிடத் தெரிந்தவர் அந்த மலையில் யாரும் கிடையாது. அப்பேர்ப்பட்டவர் அன்று சாயங்காலம் செய்த காரியத்தைக் கேளுங்கள். வாசற்படியில் செம்பியை ஒதுக்கி நிறுத்திவிட்டு, "நீங்க வாங்க" என்று மேஜரை முதலில் அழைத்தார். லயத்து வீட்டின் முன்பக்கத் தாழ்வாரமான இஸ்தோப்பில், அடுப்புச் சுவரையொட்டிக் கதகதப்பாக ஒரு மூலை உண்டு. அங்கே கிடந்த செம்பியின் சாக்கை உதறி மேஜருக்கு விரித்தார். கருவாட்டுத் தலை போட்டுக் காய்ச்சிய கஞ்சியில் முதல் தகரமும் மேஜருக்குத்தான். பங்களா நாயைப் பின்னால் நிறுத்த அவருக்குக் கை வரவில்லை. துரை என்றால் முன்னால், லயம் என்றால் பின்னால். அது அவர் யோசித்துச் செய்ததல்ல, உடம்பில் ஊறிப்போனது.

மேஜர் தகரத்தில் வாய் வைக்கவில்லை. செம்பி வைத்தது, மேஜரின் கழுத்தில். மற்ற இரண்டும் மேலே ஏறி விழுந்தன. கண் மூடித் திறப்பதற்குள் இஸ்தோப்பு முழுக்க மயிரும் கஞ்சியும் ரத்தமும். மூக்கன் குறுக்கே விழுந்து கையில் ஒரு கடி வாங்கினார். எந்த வாய் கடித்தது என்று அவருக்கே தெரியாது. வீரம்மாதான் மலைநீர் விழும் பீலியில் பிடித்து வைத்திருந்த குளிர்ந்த தண்ணீரை வாளியோடு தூக்கி ஊற்றிப் பிரித்துவிட்டார்.

செம்பியின் முன்னங்கால் கிழிந்திருந்தது. மேஜரின் காது நுனியில் ரத்தம். மூக்கன் முதலில் எடுத்துத் துடைத்தது மேஜரின் காதை. அதைப் பார்த்ததும் வீரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இங்க பாருங்க. பதினாறு வருசமா கொழுந்து எடுக்குற மலையில மொத நெரை என்னோடது. நேத்து வந்தவளுக்கு அந்த நெரையக் குடுத்து, வாங்க போங்கன்னு கங்காணி அவளக் கூப்பிட்டா, கூடையக் கழட்டி அவ தலையிலயே போடமாட்டேனா? செம்பி அந்த நாயவா கடிச்சிருக்கணும்? ஒங்களக் கடிச்சிருக்கணும்."

"அது பங்களா நாயி, புள்ள..."

"அது பங்களாவுல. இது லயம்."

மூக்கன் கைக்காயத்தில் மஞ்சள் அப்பிக்கொண்டு, சுவர் மூலையில் காலை நக்கிக்கொண்டிருந்த செம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது. ஊருக்கெல்லாம் சொன்னதை ஒரு பங்களாச் சங்கிலியைக் கையில் பிடித்ததும் மறந்துபோனோமே என்று இருந்தது.

மறுநாள் விடிந்ததும் நாலையும் கூட்டிக்கொண்டு மேல்மலைப் பாதைக்குப் போனார். எந்த நாயும் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளாத இடம் அது. அடுப்பும் இல்லை, சாக்கும் இல்லை, சண்டை போட ஒன்றும் இல்லை. செம்பி நொண்டிக்கொண்டே முன்னால், இரண்டும் நடுவில், மேஜர் சங்கிலியில் அவர் காலோடு பின்னால். ஒன்றையொன்று முறைத்துப் பார்க்க நேரம் கொடுக்காமல் நடத்தினார். வழியில் ஒரு முள்ளம்பன்றி வளை. நாலும் மூக்கை நுழைத்து ஒரே பொந்தை மோந்து பார்த்தபோதுதான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

திரும்பி வந்ததும் செம்பிக்கு முதல் படி, முதல் தகரம், அதன் சாக்கு. மேஜருக்கு எல்லாம் நாலாவது. படுக்கை வாசலோரம், சாரல் தெறிக்கும் இடத்தில். 'வாங்க' போய் 'வாடா' வந்தது. மேஜர் வந்து முழங்காலில் தலையை வைத்தால், மற்ற மூன்றையும் தடவி முடிக்கும்வரை அதன் பக்கம் திரும்பமாட்டார். வெந்நீரில் குளித்துக் கம்பளியில் படுத்த பிராணி, ஈரத்தில் நடுங்கிக்கொண்டு தன்னையே பார்ப்பதைத் தாங்க முடியாமல் மனுஷன் அழுதுவிட்டார். வீரம்மா கேட்டதற்குப் புகை என்று சொன்னார். அடுப்பு மூட்டியிருக்கவில்லை.

மாட்டெலும்பு சூப்பில் நனைத்த பாண் ரொட்டி தின்று பழகிய மேஜர் மூன்று நாள் கஞ்சியைத் தொடவில்லை. நாலாம் நாள் தொட்டது. ஐந்தாம் நாள் முறை வருமுன் பாய்ந்து கருவாயனிடம் மூக்கில் ஒரு கீறல் வாங்கிக்கொண்டது. ஆறாம் நாள் காத்திருந்தது. ஏழாம் நாளும் காத்திருந்தது. இருந்தாலும் பங்களாப் பக்கம் துரையின் மோட்டார் சைக்கிள் உறுமினால் மேஜரின் இரண்டு காதும் நட்டுக்கொண்டு நின்றன. துரையைக் கண்ணால் கண்டுவிட்டால் இந்த வரிசையெல்லாம் அதன் ஞாபகத்தில் நிற்குமா என்று அவருக்கே நம்பிக்கையில்லை.

எட்டாம் நாள் மாலை துரை சொல்லி அனுப்பாமலே வந்தார். கையில் சங்கிலி. பின்னால் பங்களாக் காவல்காரர், துப்பாக்கியோடு. துரை லயத்துக்குள் கால் வைத்து அதுவரை யாரும் பார்த்ததில்லை. இஸ்தோப்புகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். தலைத்துண்டுகள் கைக்கு வந்தன. வீரம்மாவும் எழுந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

மூக்கன் மட்டும் தலைத்துண்டோடு குந்தியிருந்தார். செம்பியின் தகரம் அப்போதுதான் கீழே இறங்கியிருந்தது.

மேஜர் துரையைப் பார்த்துவிட்டது. உடம்பெல்லாம் உதறியது; தொண்டைக்குள் ஒரு முனகல். அதற்கும் துரைக்கும் நடுவில் மூன்று நாய்களும் ஒரு தகரமும் இருந்தன. செம்பியின் தலைக்கு மேலாக ஒரு பாய்ச்சல் பாய்ந்தால் போதும், எட்டு நாளும் மண்ணாகிப்போகும். கூப்பிடுவதற்காகத் துரை வாயைத் திறந்தார்.

மூக்கன் நாய்களிடமிருந்து கண்ணை எடுக்காமல், வலது கையைத் துரையின் பக்கம் நீட்டி மறித்தார்.

"கொஞ்சம் நில்லுங்க துரை. அவன் முறை இன்னும் வரல."

லயத்து முன்னால் ஓடும் சாக்கடைக் கானோரத்தில் துரை நின்றார். லயம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. செம்பிக்கு என்ன அவசரம்? தகரத்தின் அடியை நக்கி, விளிம்பை நக்கி, கீழே சிந்தியதையும் நக்கிவிட்டு விலகியது. கருவாயன் சாப்பிட்டது. ஒத்தக்காதன் சாப்பிட்டது. மேஜர் துரையைப் பார்த்தது, மூக்கனைப் பார்த்தது, பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தது. நாலாவது தகரம் கீழே வந்ததும் குனிந்து சாப்பிட ஆரம்பித்தது.

துரை சங்கிலியை இஸ்தோப்புச் சுவர்மேல் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, காவல்காரரை வரச் சொல்லிக் கையசைத்து, மேஜரைக் கூப்பிடாமலே நடந்து போனார்.

மேஜர் தகரத்தை நக்கி முடிக்கும்வரை மூக்கன் குந்தியே இருந்தார். அதன் பிறகு எழுந்து, துரை திரும்பி மறைந்துவிட்ட வளைவைப் பார்த்து நின்று, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.